இறங்கி ஏறுகிற ஊர்: சென்னையில் முதல் வாரம்

நாள் 1, ஞாயிறு

பொதிகை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. தென்காசியில் சாயங்காலம் பஸ் ஏறி, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். "மெட்ராஸ் வந்தாச்சு, எந்திரிங்க" என்று கண்டக்டர் அண்ணாச்சி தட்டி எழுப்பினார். மெட்ராஸ் எங்கே வந்தது? வண்டலூர் உயிரியல் பூங்காவே பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் இந்தப் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குப் பயணத்தின் கடைசித் துண்டு தனியாகக் கழன்றுவிட்டது. கோயம்பேடு வரை தூங்கிக்கொண்டே போன கதையெல்லாம் எனக்கு முந்தின செட் அண்ணன்மார் சொல்லக் கேட்டதோடு சரி.

வெளியூர் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மாநகரப் பஸ் நிற்கிற இடத்துக்கு ஒரு பெட்டியும், அத்தைக்கு அம்மா கொடுத்துவிட்ட அரிசி மூட்டையுமாக நடந்தேன். கிண்டி போகிற பஸ் ஒன்று புறப்பட நின்றது. முன்படியில் ஏறி, மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் வருவார் என்று நின்றேன்.

எங்கள் ஊரில் கண்டக்டர்தான் நம்மைத் தேடி வருவார். தோளில் பை, விரலிடுக்குகளில் மடித்த நோட்டுகள், எவ்வளவு கூட்டமானாலும் நெளிந்து நெளிந்து வந்து "எங்க போகணும்?" என்பார். இங்கே பெருங்களத்தூர் தாண்டியும் யாரும் வரவில்லை. டிக்கெட் இல்லாமல் பிடிபடப்போகிறேன் என்று வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"டிக்கெட் எட்த்துட்டியா தம்பி?"

"கண்டக்டர் இன்னும் வரலையேண்ணே."

"அவரு எதுக்கு வரப்போறாரு? பின்னாடி சீட்ல குந்தினுகீறாரு பாரு. பாஸ் பண்ணு."

என்னிடம் நூறு ரூபாய்த் தாள் ஒன்றுதான் சில்லறையாக இருந்தது. அதை அவர் வாங்கி, "குரோம்பேட்டை ஒண்ணு" என்று சொல்லிப் பின்னால் நீட்டினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கை அதை வாங்கியது. கட்டைவிரல் நகத்தில் பெயிண்ட் ஒட்டிய கை. அங்கிருந்து ஒரு வளையல் கை. அப்புறம் போன் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்தாமலே "குரோம்பேட்டை ஒண்ணாம்" என்று நோட்டை நகர்த்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நாலாவது ஆளுக்குப் பிறகு என் நூறு ரூபாய் கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஊரிலிருந்து புறப்படும்போது "பணத்தை யார் கையிலயும் குடுக்காத" என்று அப்பா சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

மிச்சம் அதே வழியில் திரும்பி வந்தது. நோட்டுகளை நாலாக மடித்து, நடுவே டிக்கெட்டைச் செருகி, மேலே நாணயத்தை வைத்து அழுத்திப் பிடித்துக் கைமாறி வந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒரு ரூபாய் குறையவில்லை. எண்ணினது தப்போ என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

குரோம்பேட்டை என்ற பெயர் அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததாம். சொன்னது அத்தை வீட்டு மாமா. நான் தங்குவது அவர்கள் வீட்டில்தான். பாரிமுனையில் ஓர் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்து, முப்பது வருடமும் மின்சார ரயிலில் போய் வந்தவர். மாநகரப் பஸ்ஸை இன்னமும் "பல்லவன்" என்றுதான் சொல்கிறார். 1972-ல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகம் பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆயிற்று. தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் என் கல்லூரிக்கு வழி போட்டுக் கொடுத்தார். கடற்கரைச் சாலையில் கல்லூரி, எம்.ஏ. வரலாறு.

"ஏல, இந்த ஊர்ல தூரத்தப் பாக்காத. எத்தன தடவ எறங்கி ஏறுதன்னு அதப் பாரு."

நாள் 2, திங்கள்

திட்டம் இதுதான்: குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் பார்க். அங்கே இறங்கி, பக்கத்திலிருக்கும் பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து சேப்பாக்கம். அப்புறம் நடை. டிக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கவுண்டரில் வரிசை வாசல் வரை நின்றது. சரி, போனில் எடுத்துவிடலாம் என்று நடைமேடைக்குப் போய் ரயில்வே ஆப்பைத் திறந்தால், நீ தண்டவாளத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறாய், தள்ளிப் போய் எடு என்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, பரிசோதகர் தலை தெரிந்த பிறகு டிக்கெட் எடுக்கிற கெட்டிக்காரர்களுக்காகப் போட்ட கட்டுப்பாடு. நான் பரம சாதுவாக ஜி.எஸ்.டி. சாலை வரை திரும்பி நடந்து, டிக்கெட் எடுத்து, மறுபடி படியேறி வருவதற்குள் ஒரு வண்டி போய்விட்டது. கவுண்டர் பக்கத்துச் சுவரிலேயே கியூஆர் ஒட்டியிருப்பதும், அதை ஸ்கேன் செய்தால் உள்ளே நின்றே எடுக்கலாம் என்பதும் சாயங்காலம்தான் தெரிந்தது.

அடுத்த வண்டியில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்று சொல்லலாம். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இனி ஒருவருக்கும் இடமில்லை என்று நினைக்கும்போது இருபது பேர் ஏறினார்கள். திரிசூலத்தில் விமானத்திலிருந்து இறங்கி வந்த ஒருவர் பெரிய பெட்டியோடு ஏறப் பார்த்து, ஒரு கணம் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். அந்தக் கூட்டத்துக்குள்ளும் ஓர் அம்மா வேர்க்கடலைக் கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனார். எப்படி என்று கேட்காதீர்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு இங்கே ஒரே ஒரு வார்த்தைதான்: "எறங்குறீங்களா?" முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்கிறார்கள். அவர் ஆமாம் என்றால் அவர் பின்னாலேயே நின்றுகொள்ளலாம். இல்லை என்றால் அவர் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நம்மை முன்னே விடுகிறார். கிண்டி வருவதற்கு ஒரு நிலையம் முன்னாலிருந்தே பெட்டி முழுக்க இந்தக் கேள்வி ஓடுகிறது. வண்டி நிற்பதற்குள் இறங்குகிறவர்கள் எல்லாரும் வாசல் பக்கமும், போகிறவர்கள் உள்பக்கமும் இடம் மாறி முடிந்துவிட்டார்கள். இது தெரியாமல் வாசலிலேயே நின்ற நான் கிண்டியில் நடைமேடைக்குத் தள்ளப்பட்டு, அப்புறம் அடுத்த அலையோடு திரும்ப உள்ளே வந்தேன்.

பார்க்கில் இறங்கி, எல்லாரும் போகிற திசையில் போனேன். எல்லாரும் சென்ட்ரலுக்குப் போகிறவர்கள். சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வந்தால் எதிரே சென்ட்ரலின் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும், அந்தப் பக்கம் ரிப்பன் மாளிகை. அழகான காட்சிதான், ஆனால் மணி ஒன்பது ஐம்பது. தண்ணீர் பாட்டில் விற்றவரிடம் கேட்டேன்.

"பார்க் டவுனா? ரோட்டுக்கு அந்தாண்ட இல்ல கீது! வந்த வழியே போ."

பார்க், பார்க் டவுன் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலையம். நடுவே புதிதாக வருகிறவன் தொலைந்துபோகத் தோதான இடைவெளி. அந்தப் பூங்காவையாவது பார்க்கலாமென்றால், பெயருக்குக் காரணமான பீப்பிள்ஸ் பார்க் எப்போதோ கரைந்துபோய்விட்டது.

பார்க் டவுனிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம். வகுப்புக்கு முக்கால் மணி நேரம் தாமதம்.

நாள் 3, செவ்வாய்

நேற்று நடந்ததைச் சொன்னதும் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்ன ஆரு பார்க்குல எறங்கச் சொன்னா? காலண்டர் தாள்ல என்ன எழுதிருக்கேன், நல்லாப் பாரு."

பார்த்தேன். 'பார்க்' என்று நான் படித்தது 'பார்க் தாண்டி' என்றிருந்தது. மாமாவின் கையெழுத்து.

அவர் வழி இது: பார்க்கில் எல்லாரும் இறங்கட்டும், நீ உள்ளேயே இரு, அப்போதுதான் உட்காரவும் இடம் கிடைக்கும். அடுத்தது கோட்டை. தாம்பரம் வண்டியும் வேளச்சேரி போகிற பறக்கும் ரயிலும் அங்கே ஒரே நிலையத்தில் நிற்கும். நடைமேடை மட்டும் மாறினால் போதும், ரோட்டில் கால் வைக்க வேண்டியதில்லை. போன வழியிலேயே கொஞ்சம் திரும்பி வருவதுதான். இன்று அப்படியே செய்தேன். பதினைந்து நிமிடம் மிச்சம்.

கூட்டம் குறைவாக இருந்ததால் பறக்கும் ரயிலை இன்று நிதானமாகப் பார்த்தேன். 1995 நவம்பரில் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, வேளச்சேரி போய்ச் சேர 2007 ஆகியிருக்கிறது. பாதித் தூரம் பக்கிங்ஹாம் கால்வாயின் தலைக்குமேலேயே போகிறது. ஜன்னலில் ஒரு பக்கம் கிரிக்கெட் ஸ்டேடியம், கீழே கூவம். மூக்கையும் கண்ணையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்க முடியாது.

சேப்பாக்கம் நிலையம் ஒரு கல்யாண மண்டபத்தை நாலு மாடிக்கு அடுக்கி, கல்யாணத்தை மட்டும் ரத்து செய்தமாதிரி இருக்கிறது. அவ்வளவு பெரிய கூடம், அவ்வளவு உயரம், ஆள் இல்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே திரும்பக் கேட்டது. ஒரு தூணுக்குப் பின்னால் மூன்று மாணவர்கள் தரையில் உட்கார்ந்து போட்டித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். காற்று வருகிறது, நிழல் இருக்கிறது, யாரும் எழுப்புவதில்லை என்றார்கள். நூலகத்தில் இடம் பிடிப்பதைவிட இது சுலபமாம்.

நாள் 4, புதன்

முதல் இரண்டு மணி நேரம் வகுப்பு இல்லை என்று குழுவில் செய்தி வந்தது. மெட்ரோவைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

மெட்ரோ குரோம்பேட்டைக்கு வரவில்லை. விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. மின்சார ரயிலில் பரங்கிமலை போனால் மெட்ரோவும் அங்கேயே இருக்கிறது. பரங்கிமலையில் பச்சை வழித்தடம் ஏறி, அடுத்த நிலையமான ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறி, அண்ணா சாலைக்கு அடியிலேயே போய் அரசினர் தோட்டத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைக்கு நடந்துவிடலாம்.

ஏறிய வண்டியில் 'சென்ட்ரல்' என்று போட்டிருந்தது. சென்ட்ரலுக்கு முந்தின நிலையம்தானே அரசினர் தோட்டம், எதற்கு மாற வேண்டும் என்று ஏசிக் காற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு. கோயம்பேட்டுக்குப் பிறகு வண்டி பூமிக்குள் இறங்கியது. திருமங்கலம், அண்ணா நகர், ஷெனாய் நகர், கீழ்ப்பாக்கம். எல்லாம் வந்தது, அண்ணா சாலை மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஐடி கார்டு அண்ணனிடம் கேட்டேன். அவர் காதிலிருந்து ஒன்றைக் கழற்றி, "இது சுத்தி போற லைன் ப்ரோ. சென்ட்ரல்ல மாறி ஒரு ஸ்டேஷன் ரிவர்ஸ் வாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பச்சையும் நீலமும் ஆலந்தூரில் பிரிந்து, ஊரின் இரண்டு பக்கமாகப் போய், சென்ட்ரலில் மறுபடி சேர்கின்றன. நான் பெரிய பாதியைப் பார்த்துவிட்டேன்.

மெட்ரோ சுத்தமாக இருக்கிறது, நேரத்துக்கு வருகிறது, யாரும் "எறங்குறீங்களா" என்று கேட்பதில்லை. கட்டணம் பத்தில் தொடங்கி ஐம்பது வரை. போனில் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. ஒரு நாளைக்குச் சரி. தினம் இரண்டு வேளை என்றால் என் மாதச் செலவுக்கு அப்பா அனுப்புவதில் சாப்பாட்டை விட்டுவிட வேண்டியதுதான். பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்று ஓர் ஆப் வந்திருக்கிறது. இன்று இறக்கிக்கொண்டேன். டிக்கெட்டுகள் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. நிலையங்கள் அவை அவை இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

நாள் 5, வியாழன்

திரும்பும்போது மாம்பலத்தில் உட்கார இடம் கிடைத்தது. கண் விழித்தால் தாம்பரம். வேறொன்றும் இல்லை.

நாள் 6, வெள்ளி

அத்தை மகளுக்குத் தி.நகரில் கல்லூரி; பி.காம். இரண்டாம் வருடம். எனக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது. கூட வாங்க, சாயங்காலம் கடையைக் காட்டுகிறேன் என்றாள். வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் வரை அவள் செலவு பூஜ்யம். ரயிலில் குரோம்பேட்டை முதல் மாம்பலம் வரை இலவச சீசன்: படிக்கிற பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை உண்டு, பையன்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடும். பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் காசில்லை.

மாம்பலத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குள் போகாமல் மேலேயே நடந்து போக ஒரு நடைபாலம் இருக்கிறது. 2023-ல் திறந்தது, 570 மீட்டர் நீளம். ரயிலையும் பஸ்ஸையும் யாரோ யோசித்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று இந்த வாரத்தில் முதல்தடவை தோன்றியது. கீழே தெரு முழுக்கத் தலைகள். மேலே நாங்கள் கொய்யாப்பழம் தின்றுகொண்டு நடந்தோம். ஆனால் செருப்புக் கடைக்குப் போக எப்படியும் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்.

திரும்பி வரப் பஸ். எங்கள் பக்கம் போகும் டீலக்ஸ் ஒன்று காலியாக வந்து நின்றது. நான் படியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தான், அது காசு. பிங்க் வரட்டும்."

"எனக்கு எதுல போனாலும் காசுதான?"

"எனக்கு இல்லல்ல. அதுவுமில்லாம உங்களுக்கும் அதுல கம்மிதான்."

இருபத்தைந்து நிமிடம் நின்றோம். முகப்பில் ரோஸ் நிறம் அடித்த பஸ் நிறைமாதமாக வந்தது. அவள் இடப்பக்கம் பெண்கள் வரிசையில் எங்கோ கரைந்துபோனாள். பணமே கொடுக்காவிட்டாலும் அவளுக்கும் ஒரு டிக்கெட் கைமாறி வந்தது. என் பணமும் கைமாறிப் போயிற்று. இந்தத் தடவை மிச்சத்தை எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து ரூபாய் கூடுதலாக இருந்தது. அது யாருடையதோ.

நாள் 7, சனி

வகுப்புத் தோழன் பெரம்பூர்க்காரன். "29சி-ல ஒருவாட்டி கடைசிலேர்ந்து கடைசி வரைக்கும் போ மச்சான், மெட்ராஸ் மொத்தமும் வரும்" என்று சொல்லியிருந்தான். பெசன்ட் நகரில் இருவரும் ஏறினோம்.

அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரை மெட்ரோ இரண்டாம் கட்டத் தடுப்புகள். பஸ் நீல இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஊர்ந்தது. அது பாட்டுக்கு ஊரட்டும் என்று கண்டக்டர் நிறுத்தங்களைக் கூவுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஜெமினி, ஜெமினி எறங்கு" என்றார். ஸ்டுடியோ போய் எவ்வளவோ வருடம்; மேம்பாலத்துக்கு அண்ணா பெயர்; ஆனால் ஜெமினி என்றால்தான் இறங்குகிறார்கள். அப்புறம் "தசப்பிரகாஷ்" என்றார். அந்த ஹோட்டலும் இல்லை. 1953 வரை டிராம் ஓடிய ஊர் இது. டிராமுக்கு ஒரு தடயமும் கண்ணில் படவில்லை, ஆனால் இடித்துப்போட்ட ஹோட்டலுக்கு நிறுத்தம் இருக்கிறது. வரலாற்றுத் துறையில் இதை யாராவது ஆய்வுக்கு எடுத்தால் நான் பஸ் பாஸ் செலவை மட்டும் கேட்பேன்.

பின்படியில் ஏழெட்டுப் பையன்கள் தொங்கிக்கொண்டு பஸ்ஸின் தகட்டைத் தட்டிப் பாடினார்கள். "ரூட்டு தல குரூப்பா?" என்று கேட்டேன். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு தலைவன், பஸ் டே, அடிதடி என்று ஊரில் செய்தியில் பார்த்துப் பயந்துபோயிருந்தேன். "சே, இவனுங்க ஸ்கூல் பசங்க" என்றான். கண்டக்டர் விசிலை இரண்டு தடவை ஊதி, "மேல ஏறு, இல்ல வண்டி நகராது" என்றார். நகரவில்லை. பாட்டு நின்றது, ஏறினார்கள், நகர்ந்தது.

பெரம்பூரில் அவன் வீட்டில் டீ. திரும்ப ரயிலில் சென்ட்ரல் புறநகர் முனையம். அதை மூர் மார்க்கெட் என்கிறார்கள். 1985-ல் எரிந்துபோன சந்தையின் இடம். அங்கிருந்து சுரங்கப்பாதையில் பார்க் போனேன், இந்தத் தடவை சரியான பக்கம். வழியில் அதே தண்ணீர் பாட்டில்காரர். என்னை அவருக்கு நினைவில்லை.

சீசன் டிக்கெட்டுக்கு மாணவர் சலுகைப் படிவம் கல்லூரியில் கொடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்கே மாதம் இருநூறுக்குள்தான், மாணவனுக்கு அதில் பாதி. பஸ்ஸில் எங்கும் போக 1000 ரூபாய் பாஸ் இருக்கிறது. அது இப்போதைக்கு வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வா என்றார்கள். ஆகவே திங்களன்றும் வரிசைதான், அல்லது சுவரில் ஒட்டிய கியூஆர்.

ராத்திரி மாமா காலண்டர் தாளைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் ஒன்று சேர்த்து எழுதினார். கோட்டையில் மாடிப்படிக்கு நேராக நிற்பது எந்தப் பெட்டி என்று. முன்னாலிருந்து மூன்றா, நான்கா என்று எனக்குப் படிக்க முடியவில்லை. காலையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.